சரிபார்க்க முடிகிற நகல்

ஆரக்கிளை விட்டு போஸ்ட்கிரெஸுக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள், முதல் கூட்டத்திலேயே கேட்பது “எந்த டூல் வாங்கலாம்?” என்றுதான். கோல்டன்கேட்டா, டெபீசியமா, அமேசானின் டி.எம்.எஸ்.ஸா? விலை, வேகம், வசதி என்று பத்தி பிரித்த எக்செல் ஷீட் ஒன்று தயாராக இருக்கும். நான் அதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வேறொன்று கேட்பேன்: “மாறுகிற இரவில், இரண்டு பக்கமும் இருப்பது ஒன்றேதான் என்று யார் கையெழுத்துப் போடுவார்? எதைப் பார்த்துப் போடுவார்?” இதற்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. நகலெடுக்க நூறு வழி உண்டு. எடுத்த நகல் சரிதான் என்று நிரூபிக்க விடுகிற வழிகள் கொஞ்சம்தான். ரெப்ளிகேஷன் முறையை அந்தக் கொஞ்சத்துக்குள்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் மாறுகிறார்கள் என்பதில் புதிர் எதுவும் இல்லை. ஆரக்கிள் என்டர்பிரைஸ் எடிஷனுக்கு பிராசஸர் கோர் கணக்கில் லைசென்ஸ். அதன் மேல் ஆண்டுக்கு 22 சதவீதம் சப்போர்ட் கட்டணம். அமேசான் நிறுவனமே தன் கடைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏறத்தாழ 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களை, 75 பெட்டாபைட் தரவோடு, வேறு டேட்டாபேஸ்களுக்கு மாற்றி முடித்ததாக 2019-ல் அறிவித்தது. டேபிள் அமைப்பை மாற்ற ழில் தரோல்டு எழுதிய ஓராடூபிஜி என்ற இலவசக் கருவி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பி.எல்.எஸ்.க்யூ.எல். பேக்கேஜ்களைத் திருத்தி எழுதுவது மாதக்கணக்கான வேலை, ஆனால் நேரான வேலை. சிக்கல் எல்லாம், வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோவதில்தான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, ஓட்டத்தை நிறுத்த முடியுமா என்பதை. ஒரு நூற்பாலையின் சம்பளக் கணக்கைப் பொங்கல் விடுமுறையில் மாற்றினோம். ரெப்ளிகேஷன் என்ற பேச்சே எழவில்லை. சர்வரை மூடினோம், எடுத்தோம், ஏற்றினோம், எண்ணிப் பார்த்தோம், திறந்தோம். ஒரு டெராபைட் தரவு ஒரு கிகாபிட் லைனில் முழு வேகத்தில் போனால் இரண்டேகால் மணி நேரத்துக்குள் போய்விடும். இன்டெக்ஸ் கட்டவும் சரிபார்க்கவும் அதைவிடக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரக்கடைசி கிடைக்குமென்றால் இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அசையாமல் நிற்கும்போது ஒப்பிடுவது எளிது. லைவ் ரெப்ளிகேஷன் என்றால் நவீனம், மூடிவிட்டு மாற்றுவது பழசு என்று நினைத்து, கிடைக்கிற டவுன்டைமை வேண்டாம் என்று சொல்கிற ஆர்க்கிடெக்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மூட முடிந்தால் மூடிவிடுங்கள்.

மூட முடியாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். தென்மாநிலங்களில் கிளைகள் வைத்து நகைக்கடன் தரும் நிறுவனம் அது. கிளைகள் மாலையில் அடைத்துவிடும். ஆனால் வட்டி கட்டுகிறவர்கள் நடு ராத்திரியிலும் யு.பி.ஐ.யில் கட்டுவார்கள். இரவில் வட்டிக் கணக்குப் போடும் பேட்ச் ஓடும். காலையில் தங்க விலை ஏறினாலும் இறங்கினாலும் கிராமுக்கு எவ்வளவு தரலாம் என்பது மாறும். ஆபரேஷன்ஸ் தலைவரிடம் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்டேன். “சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி நேரம் தர்றேன் சார். அதுக்கு மேல போச்சுன்னா கஸ்டமர் கேர் சீட்ல நீங்கதான் வந்து உட்காரணும்” என்றார். இரண்டு மணி நேரத்தில் பல டெராபைட்டை நகர்த்தவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. முன்கூட்டியே நகலெடுத்து, மாற்றங்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்து, கடைசி இரண்டு மணி நேரத்தைத் திசை திருப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தந்தவர்கள் சொன்ன யோசனை, எல்லா டேபிளிலும் கடைசியாகத் திருத்திய நேரம் இருக்கிறதே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து மாறியதை மட்டும் எடுத்துப் போடலாம் என்பது. கேட்க எளிமையாக இருக்கும் இந்த வழியில் எங்கே ஓட்டை என்பதை வாயால் சொல்வதை விடக் காட்டிவிடுவது நல்லது. கூட்டத்தில் ப்ரொஜெக்டரில் இரண்டு எஸ்.க்யூ.எல். பிளஸ் ஜன்னல்களைத் திறந்தேன். முதல் ஜன்னலில் ஒரு கடன் வரிசையை 10:01-க்கு அப்டேட் செய்தேன், கமிட் கொடுக்கவில்லை. இரண்டாவது ஜன்னலில் 10:05-க்கு, 10:00-க்குப் பிறகு மாறியவற்றை எடுத்தேன். கமிட் ஆகாததால் அந்த வரிசை வரவில்லை, மற்றவை வந்தன. 10:07-க்கு முதல் ஜன்னலில் கமிட். அடுத்த சுற்று 10:05-க்குப் பிறகு மாறியவற்றைத்தான் கேட்கும். நம் வரிசையிலோ 10:01 என்றுதான் எழுதியிருக்கிறது. அது இனி எந்தச் சுற்றிலும் வராது. எந்த எரர் மெசேஜும் வராது. கொஞ்சம் பின்னால் போய் எடுக்கலாமே என்றார் ஒருவர். எவ்வளவு பின்னால்? இரவு பேட்ச் ஒரே டிரான்சாக்‌ஷனாக முக்கால் மணி நேரம் ஓடுகிறது. அழித்த வரிசைகளின் கதை இன்னும் மோசம். இல்லாமல் போன வரிசைக்கு ஏது திருத்திய நேரம்?

டிரிகர் வைக்கிற வழி இதைவிட நாணயமானது. இன்சர்ட், அப்டேட், டெலீட் எது நடந்தாலும் டிரிகர் அதை இன்னொரு டேபிளில் எழுதி வைக்கும், சிமெட்ரிக் டி.எஸ். போன்ற கருவிகள் அங்கிருந்து எடுத்துப் போகும். லாகைப் படிக்க அனுமதி கிடைக்காத இடங்களில், மாற்றம் குறைவான டேபிள்களுக்கு, இன்றைக்கும் இதைப் பயன்படுத்துவேன். இதற்கு விலையைக் கொடுப்பது மூல டேட்டாபேஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் கூடவே இன்னொரு எழுத்து. டிரிகரில் ஒரு கோளாறு வந்தால் கவுண்டரில் ரசீது போடுவதே நின்றுவிடும். டிரிகர் எழுதிய ஒழுங்கு, கமிட் ஆன ஒழுங்கும் அல்ல. அதைத் தனியாகக் கவனித்துச் சீராக்க வேண்டும்.

அப்போது டீமில் இருந்த இளைஞர் ஒருவர் மூன்றாவது வழி சொன்னார். “அண்ணா, நம்ம சர்வீஸ்லேயே ரெண்டு டேட்டாபேஸ்லயும் எழுதிட்டா என்ன?”

“ஆரக்கிள்ல கமிட் ஆயிடுச்சு, போஸ்ட்கிரெஸ்ல டைம்அவுட். என்ன பண்ணுவ தம்பி?”

“திரும்ப ட்ரை பண்ணலாம்.”

“அதுக்குள்ள இன்னொரு கவுண்டர்ல அதே கடனுக்கு இன்னொரு ரசீது போட்டாச்சு. எது முதல்ல, எது ரெண்டாவது?”

அதோடு, மாதக்கடைசியில் சப்போர்ட் ஆட்கள் ஸ்கிரிப்ட் போட்டு நேரடியாகத் திருத்துவதெல்லாம் சர்வீஸ் வழியாக வருவதே இல்லை. இரண்டிலும் எழுதும் முறையில் பிழை வருவதுகூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. எந்த நொடியில் எந்தப் பக்கம் சரி என்று சொல்ல ஒரு பொது அளவுகோல் இல்லாமல் போவதுதான் அதன் குறை.

அந்த அளவுகோல் லாகில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இதை இப்படிச் சொன்னேன்: டேபிள் என்பது பேரேடு, ரீடு லாக் என்பது குறிப்பேடு. பேரேட்டில் இன்றைய நிலுவை தெரியும். எது எந்த வரிசையில் நடந்து இந்த நிலுவை வந்தது என்பது குறிப்பேட்டில்தான் இருக்கும். ஆரக்கிள் ஒவ்வொரு மாற்றத்தோடும் எஸ்.சி.என். என்று ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணை வைத்திருக்கிறது. “இந்த எஸ்.சி.என். வரை அனைத்தும் வந்து சேர்ந்தது” என்று சொல்ல முடிந்தால், அந்தப் புள்ளியில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட முடியும். அழித்ததும் வரும், நேரடி ஸ்கிரிப்டும் வரும், கமிட் ஆன ஒழுங்கிலேயே வரும்.

ஆனால் குறிப்பேட்டில் எழுதாததும் உண்டு. லாக் முறையைத் தேர்ந்தெடுத்த பிறகு முதல் வேலை அதைத் தேடுவது. ஆரக்கிள் சாதாரணமாக ஓர் அப்டேட்டுக்கு எந்தப் பத்தி மாறியது, எந்த ரோஐடி என்று மட்டும்தான் ரீடுவில் எழுதும். ரோஐடி என்பது அந்த டேட்டாபேஸுக்குள் இருக்கும் முகவரி. போஸ்ட்கிரெஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பிரைமரி கீயையும் சேர்த்து எழுத சப்ளிமென்டல் லாகிங்கை இயக்க வேண்டும். பிரைமரி கீ இல்லாத டேபிள்களுக்கு எல்லாப் பத்திகளையும் எழுதச் சொல்ல வேண்டும். ரீடு அளவு கூடும், ஆர்க்கைவ் டிஸ்க்குக்கு இடம் ஒதுக்க வேண்டும். டேட்டாபேஸ் அளவில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சாக்‌ஷன்கள் எல்லாம் முடியும்வரை அது காத்து நிற்கும். பகல் பதினோரு மணிக்குக் கொடுத்துவிட்டுத் தொங்கிவிட்டது என்று பயப்படாமல், பேட்ச் முடிந்த விடியற்காலையில் கொடுப்பது நல்லது. அடுத்து, நோலாகிங் என்று குறித்த டேபிள்கள். வேகத்துக்காக நேரடிப் பாதையில் இவற்றில் ஏற்றும் தரவு ரீடுவில் வராது. லாகைப் படிக்கும் எந்தக் கருவிக்கும் அது தெரியாது. அந்த நிறுவனத்தின் மாதக்கடைசி வட்டிச் சுருக்கம் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. ஃபோர்ஸ் லாகிங் போட்டோம். பேட்ச் கொஞ்சம் மெதுவானது. தரவு முழுதாக வந்தது. கட்ஓவர், அதாவது திசை திருப்பும் இரவு, முடியும்வரை யாரும் டேபிள் அமைப்பை மாற்றக்கூடாது என்று எழுத்தில் வாங்கினோம்.

இதற்குப் பிறகுதான் டூல். கோல்டன்கேட்டை ஆரக்கிள் 2009-ல் வாங்கியது. கனமான ஓட்டத்துக்கு அது நம்பகமானது, ஒப்பிடுவதற்கென்றே வெரிடேட்டா என்ற துணையும் அதற்கு உண்டு. ஆனால் லைசென்ஸிலிருந்து விடுபடப் போகிறவர்களிடம் இன்னொரு லைசென்ஸை வாங்கச் சொல்வது சங்கடம். டெபீசியம் இலவசம், ஆரக்கிளின் லாக்மைனர் வழியாகப் படித்துக் காஃப்காவில் போடும். லாக்மைனரை நிற்காமல் ஓடவிடும் வசதியை ஆரக்கிள் 19சி-யில் எடுத்துவிட்டதால், லாகைத் துண்டு துண்டாகத்தான் படிக்க வேண்டும். மூல சர்வரின் சி.பி.யு.வுக்கு வேலை கூடும். நாங்கள் அதையே எடுத்தோம். இலவசம் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு மாற்றமும் தன் எஸ்.சி.என். எண்ணைச் சுமந்துகொண்டு காஃப்காவில் கிடக்கும், சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம், மறுபடி ஓட்டலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அடிப்படை நகல், அதாவது முதல் ஏற்றம், தனிக் கலை. ஓடும் டேட்டாபேஸில் ஒரு எஸ்.சி.என்.-ஐக் குறித்து, அந்த நிலையில் இருந்ததைக் கொடு என்று ஃப்ளாஷ்பேக் வினவல் மூலம் கேட்கலாம். பெரிய டேபிள்களுக்கு மணிக்கணக்கில் ஓடினால் பழைய மதிப்புகளை வைத்திருக்கும் அன்டு தீர்ந்து, எல்லா டி.பி.ஏ.க்களுக்கும் பழக்கமான ஓ.ஆர்.ஏ. 1555 வந்து நிற்கும். எங்களுக்கு ஸ்டாண்ட்பை சர்வர் ஒன்று இருந்தது. அதில் லாக் ஏற்றுவதை நிறுத்தி, படிக்க மட்டும் திறந்து, நின்ற எஸ்.சி.என்.-ஐக் குறித்துக்கொண்டு, அவசரமில்லாமல் நகலெடுத்தோம். புரொடக்‌ஷனுக்கு ஒரு பாரமும் இல்லை.

அந்த எஸ்.சி.என்.-லிருந்து லாகைப் படிக்கத் தொடங்கினால் போதும் என்றுதான் தோன்றும். போதாது. ஸ்டாண்ட்பை நின்ற கணத்தில் முடியாமல் பாதியில் இருந்த டிரான்சாக்‌ஷன்களை எண்ணிப் பாருங்கள். அவற்றின் அப்டேட்டுகள் அந்த எண்ணுக்கு முன்னால் ரீடுவில் எழுதப்பட்டுவிட்டன. கமிட் பின்னால் வருகிறது. நகலில் பழைய மதிப்பு இருக்கும். லாகில் கமிட் மட்டும் தெரியும், எதைக் கமிட் செய்தது என்பது தெரியாது. அதனால் அந்தக் கணத்தில் திறந்திருந்தவற்றில் மிகப் பழைய டிரான்சாக்‌ஷன் தொடங்கிய இடத்துக்குப் பின்னோக்கிப் போய்ப் படிக்க வேண்டும். படித்து, குறித்த எண்ணுக்குள் கமிட் ஆனவற்றைத் தள்ளிவிட்டு, அதற்குப் பின் கமிட் ஆனவற்றை மட்டும் ஏற்ற வேண்டும். எந்த டூலை வாங்கினாலும் நான் விற்பனையாளரிடம் முதலில் கேட்பது இந்த விளிம்பை அது எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான்.

தரவு ஓடத் தொடங்கி, தாமதம் சில நொடிகளுக்கு இறங்கியதும் எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். என் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். பிரைமரி கீயின்படி பத்தாயிரம் பத்தாயிரம் வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஹாஷ் போட்டு, இரண்டு பக்கமும் ஒப்பிடுவோம். பொருந்தாததைக் குறித்துவைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி பார்ப்போம். வழியில் இருந்த மாற்றமாக இருந்தால் அதற்குள் சரியாகிவிடும். இரண்டு மூன்று முறை பார்த்தும் பொருந்தாதது உண்மையான பிழை.

இந்த ஹாஷ் போடுவதிலும் இரண்டு டேட்டாபேஸும் ஒன்றுபோல் பேசாது. அரை ரூபாயை எழுத்தாக மாற்றச் சொன்னால் ஆரக்கிள் புள்ளி ஐந்து என்று மட்டும் தரும், முன்னால் சைபர் போடாது, போஸ்ட்கிரெஸ் போடும். நூறு ரூபாய் ஆரக்கிளில் 100. இரண்டு தசமம் வைத்த போஸ்ட்கிரெஸ் பத்தியில் 100.00. ஆரக்கிளின் டேட் வகையில் நேரமும் சேர்ந்தே இருக்கும். போஸ்ட்கிரெஸின் டேட்டில் நாள் மட்டும்தான், எனவே டைம்ஸ்டாம்பாக மாற்றியிருக்க வேண்டும். இளையவர் ஒருவர் கொண்டுவந்த முதல் ரிப்போர்ட்டில், ஒரு பெரிய டேபிளில் வித்தியாசம் சைபர் என்று இருந்தது. அவ்வளவு சுத்தமான முடிவு எனக்குப் பிடிப்பதில்லை. வினவலைத் திறந்து பார்த்தோம். பத்திகளை ஒட்டவைத்து ஹாஷ் போட்டிருந்தார். ஆரக்கிளில் நல்லை, அதாவது மதிப்பே இல்லாததை, எதனோடு ஒட்டினாலும் மற்றது அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு பத்தியில் நல் இருந்தால் ஒட்டிய முழுதும் நல், ஹாஷும் நல். நல்லோடு எதை ஒப்பிட்டாலும் ‘வேறு’ என்ற பதில் வராது. ஜாமீன்தாரர் பெயர் இல்லாத கடன்கள் எல்லாம் ஒப்பிடப்படாமலே தேர்ச்சி பெற்றிருந்தன. அன்றிலிருந்து, ஒப்பிடும் கருவியைச் சோதிக்க, நகலில் வேண்டுமென்றே சில வரிசைகளைக் கெடுத்துவைப்பது எங்கள் வழக்கம். அவற்றைக் கண்டுபிடிக்காத ரிப்போர்ட்டை நாங்கள் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

திரும்பி வரும் பாதையும் இதே கணக்கில் சேரும். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய தளத்துக்கு ஒரே வீச்சில் மாற்றியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. 52 லட்சம் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதியினர் பாதிக்கப்பட்டார்கள். வழக்க நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. நகல் சரியாக இருப்பது மட்டும் போதாது, புதிய இடம் தாங்கவில்லை என்றால் பழைய இடத்துக்குப் போக வழி வேண்டும் என்பதற்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அந்த வழி, திசை மாறிய ரெப்ளிகேஷன். கட்ஓவருக்குப் பிறகு போஸ்ட்கிரெஸில் நடப்பதெல்லாம் ஆரக்கிளுக்குப் போக வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2014-ல் வந்த 9.4 பதிப்பிலிருந்தே லாஜிக்கல் டீகோடிங் இருப்பதால் லாகைப் படிப்பது கடினமில்லை. படிக்கிறவர் நின்றுபோனால், எதுவரை படித்தார் என்று குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் லாகைப் பிடித்துவைத்துக்கொண்டு டிஸ்கை நிரப்பிவிடும். 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போகும், திரும்பும் பாதையும் அதோடு போகும். இரண்டில் எது வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு தடை, புதிய வீட்டின் தாராளம். ஆரக்கிளுக்கு வெற்று எழுத்தும் நல்லும் ஒன்று, போஸ்ட்கிரெஸுக்கு வேறு. மதிப்பு கட்டாயமான பத்தியில் புதிய அப்ளிகேஷன் வெற்று எழுத்தை எழுதினால் போஸ்ட்கிரெஸ் வாங்கிக்கொள்ளும். திரும்பி ஆரக்கிளுக்குப் போகும்போது நல் என்று மறுக்கப்படும். தமிழ்ப் பெயர்களிலும் இதே கதை. ரசீதுக்காக வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் வைத்திருந்த பத்தி பழைய ஆரக்கிளில் 40 பைட். மீனாட்சிசுந்தரம் என்பது கண்ணுக்கு ஒன்பது எழுத்து, யூனிகோடில் பதினாறு குறிகள், யு.டி.எஃப். 8-ல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக, மொத்தம் 48. ஆரக்கிள் அந்தப் பெயரை ஒருபோதும் முழுதாக ஏற்றதில்லை; கிளைகளில் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தார்கள். போஸ்ட்கிரெஸ் எழுத்துக்குறிகளை எண்ணுவதால் முழுப் பெயரும் இடம் பெறும். முதல் முழுப் பெயரிலேயே திரும்பும் ஓட்டம் நின்றுவிடும். அதனால் திரும்பும் பாதை திறந்திருக்கும் வரை, பழைய வீட்டின் குறுகலைப் புதிய வீட்டிலும் கட்டுப்பாடாக வைத்திருந்தோம்: பெயர் 40 பைட்டுக்கு மேல் கூடாது, வெற்று எழுத்து கூடாது. கிளை மேலாளர்கள் முணுமுணுத்தார்கள். ஒப்பிடும் கருவி மட்டும் இரண்டு திசையிலும் ஒரே கணக்கைத் தந்தது.

எத்தனை நாள் இப்படி வைத்திருப்பது என்ற கேள்விக்கு, ஒரு மாதக்கடைசியும் ஒரு ஏலச் சுற்றும் புதிய இடத்தில் முடியும் வரை என்று அங்கே முடிவானது. ஒவ்வொரு தொழிலுக்கும் இது மாறும். மிக அரிதாக ஓடும் முக்கியமான பேட்ச் எதுவோ அதுவே அளவு. ஆனால் தேதி ஒன்று எழுத்தில் இருந்தாக வேண்டும். தேதி இல்லாத இடங்களில் “இருந்துட்டுப் போகட்டும் சார், ஒரு பாதுகாப்புக்கு” என்று பழைய ஆரக்கிள் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத நகலாக அது மெல்ல விலகிப்போகும். பார்க்காததால் விலகியதும் தெரியாது. அப்படிப்பட்ட நகலை நம்பித் திரும்பிப் போவது, பாதையே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. கடைசி ஒப்பீட்டை முடித்து, ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்து, சப்போர்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே பழைய சர்வரை அணைத்துவிடுங்கள். மாறியதற்கான காரணமே அந்த 22 சதவீதம்தானே.